‘பிரியுங்கள்’ என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் வரவில்லை

உப்புவெளித் தையல் கேட்டது:

வணக்கம். எனக்கு வயது 46. திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துகிறேன். மெஷின்கள் ஆறு, அவற்றில் நான்கு கால்மெஷின். திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு தொடங்கி, அவர்கள் திரும்புவதற்குள் முடித்துவிடுவோம். இப்போது பதினொரு பேர் வருகிறார்கள். சென்ற மாதம் வரை பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டாவது ஆளைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறேன்.

அவர் அலஸ்தோட்டத்திலிருந்து வருபவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இரண்டு பெண் பிள்ளைகள், கணவர் கடலுக்குப் போகிறவர். வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு கரையிலேயே கிடக்கும். அந்த மாதங்களைத் தையலை வைத்து ஓட்டிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆண்டுத் தொடக்கத்தில் வெள்ளைச் சீருடைத் துணியோடு தையல்காரர் வாசலில் நிற்காத தாய் எங்கள் பக்கத்தில் இல்லை.

அவருக்குச் சிக்கலாக இருந்தது சாரிச் சட்டையின் கை. தைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், கையின் மேல்வளைவு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இராது. முன்பக்கம் சற்று அதிகமாகக் குடைந்திருக்கும். வலக்கையை இடப்பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டால், போட்டுக்கொண்டு கையைத் தூக்கும்போதே முதுகு இழுக்கும். அவர் மூன்று முறை மாற்றித் தைத்தார். மூன்று முறையும் நான் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே சொல்லைத்தான் சொன்னேன்: “பிரியுங்கள்.”

மூன்றாம் முறை பிரிக்கும்போது துணியில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அவருடைய முகத்தைப் பார்த்தேன். எனக்கே பொறுக்கவில்லை. நான்காம் முறை தைத்துக் கொண்டுவந்தபோது, தையல் வளைந்து கிடந்தாலும், “மிகவும் அழகாக வந்திருக்கிறது தங்கச்சி” என்றேன். அவர் சட்டையைத் திருப்பி, சுருங்கிக் கிடந்த இடத்தை விரலால் தடவிவிட்டு, “அக்கா, எனக்கும் கண் இருக்கிறது. எனக்குக் கை வராது, விடுங்கள்” என்றார். அடுத்த நாளிலிருந்து வரவில்லை.

நான் வளர்ந்த வீட்டில் யாரும் யாரையும் முகத்துக்கு முன்னால் மெச்சியதில்லை. மெச்சினால் நாவூறு படும் என்பார்கள். யாராவது வந்து “உங்கள் மகள் நன்றாகப் பூவேலை செய்கிறாளே” என்று சொல்லிவிட்டுப் போனால், அன்று பொழுதுபட்டதும் அம்மா உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போடுவார். அம்மா என்னைப் பற்றி நல்லதாகச் சொன்னதை ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். கிடுகு வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மாமியிடம், “இவளுடைய தையல் எறும்பு வரிசை போல இருக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கிணற்றடியில் நின்றேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. வாளியைக் கீழே வைத்தால் சத்தம் கேட்டுப் பேச்சை நிறுத்திவிடுவாரோ என்று கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஒரு வசனம் என்னை எத்தனை ஆண்டுகள் மெஷினில் உட்கார வைத்தது என்பது எனக்குத் தெரியும். அதை இன்னொருவருக்குக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. பேசாமல் இருந்தால் அவர் உடைந்துபோகிறார். புகழ்ந்தால் பொய் என்று கண்டுபிடித்துவிடுகிறார். இதற்கு நடுவில் என்ன இருக்கிறது? அனுபவத்தில் கண்டவர்கள் சொல்லுங்கள்.

திருக்கடலூர்க்காரன்:

அக்கா, குறை நினைக்கக் கூடாது. அவர் உங்கள் சொல்லால்தான் நின்றுவிட்டார் என்று எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போய்க் கேட்டீர்களா? கடலுக்குப் போகிறவன் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் வகுப்பு நிற்கும், எஞ்சின் பழுதானாலும் வகுப்பு நிற்கும். நான் படகுக்காரன், சொல்கிறேன். உப்புவெளியிலிருந்து அலஸ்தோட்டம் எவ்வளவு தூரம்? முதலில் போய்ப் பாருங்கள். போவதே அவருக்குப் பாதி ஊக்கம்.

கிண்ணியா மாஸ்டர்:

வணக்கம் சகோதரி. நானும் தையல்காரன், ஆண்களுக்குத் தைப்பவன். பதினாறு வயதில் திருகோணமலை நகரத்தில் ஒரு கடையில் வேலை பழகினேன். கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் எங்களுக்குப் ‘பாதை’ என்கிற மிதவைப் படகுதான். பஸ், மாட்டுவண்டி, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் ஊர்ந்து வரும். காலையில் ஒரு பாதையைத் தவறவிட்டால் கடைக்குப் பிந்திவிடுவேன். மாஸ்டர் ஏசமாட்டார். மணிக்கூட்டை மட்டும் பார்ப்பார்.

அவர் பேசாத மனிதர். ‘நல்லது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. ஆனால் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

சேட்டுக் கொலர் தைக்கும்போது மேல்துண்டும் அடித்துண்டும் ஒரே அளவாக வெட்டினால், திருப்பிய பிறகு அடித்துண்டு விளிம்பில் எட்டிப் பார்க்கும். அடித்துண்டை நூலளவு குறைத்து வெட்ட வேண்டும். அப்போதுதான் கொலர் உள்நோக்கி அமைதியாகப் படியும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்று நான் தைத்த கொலரை மாஸ்டர் வாங்கினார். நடுவில் மடித்து, இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். பிறகு அடிப்பக்கத்தைத் திருப்பி, விளிம்பை நகத்தால் தடவினார். “அடித்துண்டைக் குறைத்திருக்கிறாய். யார் சொன்னது?” என்று கேட்டார். “யாரும் சொல்லவில்லை, நீங்கள் வெட்டும்போது பார்த்தேன்” என்றேன். “ம்” என்றார். அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் பாதையில் திரும்பும்போது எனக்கு உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன். ஊருக்குள் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் சொல்வதற்கு என்ன இருக்கிறது? மாஸ்டர் ஒரு கேள்வி கேட்டார் என்றா? முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இன்றும் கொலர் வெட்டும்போது அந்த நகம் விளிம்பில் ஓடியது நினைவு வருகிறது.

நான் அறிந்துகொண்டது இதுதான், சகோதரி. அவர் என்னைப் புகழவில்லை. நான் மறைவில் செய்த ஒன்றைக் கண்டுகொண்டார். நீங்கள் ‘அழகாக வந்திருக்கிறது’ என்று சொன்னபோது அந்தச் சட்டையைப் பார்த்துச் சொல்லவில்லை, அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். அது அவருக்கு விளங்கிவிட்டது. அந்தச் சட்டையில் ஏதாவது ஒன்று உண்மையாகவே சரியாக இருந்திருக்கும். கழுத்தோ, கொக்கி தைத்த இடமோ, ஏதோ ஒன்று. அதை நீங்கள் தேடவில்லை என்று நினைக்கிறேன். மன்னிக்கவும், வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஆனால் என் மாஸ்டரைப் போல ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் சொல்வதும் சரியில்லை. என்னோடு பழக வந்த இரண்டு பேர் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவனுக்கு என்னைவிட நல்ல கை.

உப்புவெளித் தையல்:

மாஸ்டர், மன்னிப்பு எதற்கு? நீங்கள் சொன்னது உண்மை. நேற்று இரவு யோசித்துப் பார்த்தேன். அந்தச் சட்டையின் கழுத்து எப்படி இருந்தது என்று எனக்கு நினைவே இல்லை. கை பிழை என்பது மட்டுமே நினைவிருக்கிறது. திருக்கடலூர்த் தம்பி சொன்னபடி இந்தக் கிழமை போய் வருகிறேன்.

உவர்மலை ஓய்வூதியர்:

மகள், நான் 33 ஆண்டுகள் கணிதம் படிப்பித்துவிட்டு வீட்டில் இருப்பவன். உன் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அதே பிழையை நான் உன்னைவிட நீண்ட காலம் செய்திருக்கிறேன்.

ஔவையார் பாடியதாக வழங்கும் ஒரு தனிப்பாடல் உண்டு. யாரை எங்கே மெச்ச வேண்டும் என்று சொல்வது. நண்பனை அவன் இல்லாத இடத்தில், ஆசானை எங்கும், மனைவியைத் தனிமையில், பிள்ளைகளை நெஞ்சுக்குள், வேலை செய்பவரை வேலை முடிந்த பிறகு. உன் அம்மா வேலிக்கு மேலால் மாமியிடம் சொன்னது இந்த வழக்கத்தில் வந்ததுதான். எங்கள் தலைமுறை முழுவதும் இப்படித்தான் வளர்ந்தோம். பிள்ளைக்குத் தலைக்கனம் வந்துவிடக் கூடாது, வேலைக்காரன் பாதியில் கையைக் கழுவிவிடக் கூடாது என்ற கவலை அதில் இருக்கிறது. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் ‘வேலை முடிந்த பிறகு’ என்பதை இப்போது என்னால் ஏற்க முடியவில்லை. சட்டையை முடித்தவருக்கு அந்தச் சட்டையே சாட்சி. பாதியில் நிற்பவருக்கு என்ன இருக்கிறது?

வகுப்பறையில் நடந்ததைச் சொல்கிறேன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் விடை பிழைத்தாலும் படிமுறைக்குப் புள்ளி உண்டு. ஆனால் நான் அப்பியாசக் கொப்பி திருத்தும்போது கடைசி வரியைப் பார்த்து, பிழை என்றால் முழுவதற்கும் குறுக்காக ஒரு கோடு போட்டுவிடுவேன். நாற்பது கொப்பி, நேரமில்லை. ஒரு நாள் பின்வாங்கில் இருந்த ஒரு பையன் கொப்பியைக் கொண்டுவந்து, “சேர், எந்த இடத்தில் பிழைத்தேன்?” என்று கேட்டான். இருபடிச் சமன்பாடு. ஏழு வரி எழுதியிருந்தான். ஆறு வரி சரி. ஏழாம் வரியில் ஒரு கழித்தல் அடையாளத்தைத் தவறவிட்டிருந்தான். ஆறு வரிச் சரியின் மேலும் என் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வரி வரைக்கும் சரியோ, அந்த வரிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு போட்டு, ஓரத்தில் ‘இதுவரை சரி’ என்று எழுதுவேன். அவ்வளவுதான். அதில் பொய் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. பிள்ளைகள் கொப்பியைத் திறந்ததும் அந்தக் கோட்டைத்தான் தேடுவார்கள். போன தடவை மூன்றாம் வரியில் இருந்தது இந்தத் தடவை ஐந்தாம் வரிக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். ஒரு பிள்ளை தன் கோடு ஒரு வரி இறங்கியதைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

உன் மாணவி பொய்யைக் கண்டுபிடித்ததைப் பற்றி ஒன்று. நெதர்லாந்தில் எடி புரூமெல்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிள்ளைகளிடம் வான்கோவின் ரோசாப்பூ ஓவியம் ஒன்றைக் கொடுத்து, பார்த்து வரையச் சொன்னார்கள். பிறகு ஓர் ஓவியர் எழுதியதாக ஒரு குறிப்பைக் கொடுத்தார்கள். சிலருக்கு ‘அழகான படம்’ என்றும், சிலருக்கு ‘நம்பவே முடியாத அளவுக்கு அழகான படம்’ என்றும் எழுதியிருந்தது. அடுத்ததாக என்ன வரைகிறாய், இலேசானதா, கடினமானதா என்று கேட்டபோது, தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளைகள் மிகைப்படுத்திய புகழ்ச்சியைக் கேட்டபின் இலேசானதையே தேடினார்கள். அவ்வளவு உயரத்தில் வைத்துவிட்டால், அடுத்த தடவை விழுந்துவிடுவோமோ என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. நாம் யாருக்கு மிகையாகச் சொல்லத் துடிக்கிறோமோ, அவர்களையே அது நோகடிக்கிறது என்பது எனக்கு மிகவும் பட்டது.

‘எனக்குக் கை வராது’ என்று அவர் சொன்னாரே, அந்தச் சொல்லையும் கவனி. கை என்பது பிறப்பில் வந்தது, இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை என்று நினைத்துவிட்டார். ‘உனக்கு நல்ல கை’ என்று மெச்சுவதும் அதே நினைப்பைத்தான் வளர்க்கும். 1998இல் கரோல் டுவெக்கும் கிளோடியா மியூலரும் அமெரிக்கப் பிள்ளைகளிடம் கண்டதும் இதுவே. ‘நீ கெட்டிக்காரப் பிள்ளை’ என்று மெச்சப்பட்டவர்கள், கடினமான புதிர்களில் சறுக்கிய பிறகு சோர்ந்துபோனார்கள். ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்று மெச்சப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். மூன்று முறை பிரித்து நான்காம் முறையும் உட்கார்ந்த ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு உன்னிடம் உண்மையே நிறைய இருந்தது, மகள்.

மூதூரிலிருந்து:

நான் கற்றுக்கொள்ளும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். திருகோணமலையில் ஓர் அலுவலகத்தில் வேலை. மூதூரிலிருந்து தினமும் பஸ். அரச சேவையில் இருப்பதால் சிங்களத்தில் தேர்ச்சி பெற வேண்டும். முதல் ஆண்டு முழுவதும் தொலைபேசி அடித்தாலே எனக்குக் கை வேர்க்கும்.

அலுவலகத்தில் இரண்டு பேர். ஒருவர் நான் இரண்டு சொல் பேசியதும், “ஆ, உங்கள் சிங்களம் மிகவும் நன்றாக இருக்கிறதே” என்பார். சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே மற்றவரிடம் திரும்பிப் பேசத் தொடங்கிவிடுவார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு நான் பேச எதுவும் இராது. கதவைச் சாத்தியது போல இருக்கும்.

மற்றவர் பக்கத்து மேசையில் இருக்கும் சிங்கள அக்கா. பிழை விட்டால் உடனே திருத்துவார். ஒரு நாள் தேநீர் நேரத்தில், “போன வெசாக் நேரத்தில் நீங்கள் தொலைபேசியை எடுத்து என்னிடம் நீட்டிவிடுவீர்கள். இன்று காலை மூன்று பேருக்கு நீங்களே பதில் சொன்னீர்கள். மூன்றாவது ஆள் கோபக்காரர், அவருக்கும் சொன்னீர்கள்” என்றார். அவர் எண்ணியிருந்தார்! என் மேசைக்கு வந்த அழைப்புகளைத் தன் வேலைக்கு நடுவில் எண்ணியிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எழுதும்போதும் கலங்குகிறது.

அக்கா, உங்கள் மாணவியின் முதல் நாள் தையல் துண்டு ஏதாவது உங்களிடம் இருந்தால் எடுத்து வையுங்கள். யாரோடும் ஒப்பிட வேண்டாம். அவருடைய பழைய தையலோடு மட்டும் ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

உப்புவெளித் தையல்:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. போய் வந்தேன். விபரமாகச் சொல்கிறேன், நீங்கள் அக்கறையோடு எழுதியதற்கு அது கடமை.

சனிக்கிழமை பின்னேரம் போனேன். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. திருக்கடலூர்த் தம்பி சொன்னதும் பாதி சரிதான். இளைய பிள்ளைக்கு ஒரு கிழமை காய்ச்சல். அதற்குப் பிறகு வரக் கூச்சமாக இருந்ததாம். “அப்படிச் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு வருவது அக்கா?” என்றார். நான் பொய் சொன்னதற்கு அவர் கூச்சப்பட்டிருக்கிறார்.

முற்றத்துக் கொடியில் மூத்த பிள்ளையின் வெள்ளைச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. காற்றில் படபடத்தபோது அதன் மடிப்புகள் கண்ணில் பட்டன. கடைத் தையல் இல்லை. “நீங்கள் தைத்ததா?” என்று கேட்டேன். மாமியாரின் பழைய கைமெஷினில் தைத்ததாம். மாஸ்டரை நினைத்துக்கொண்டு, கொடியிலிருந்து எடுத்து உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்புகள் இடையில் ஒரே அளவில் இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் கை இரண்டும் சரியாகப் பொருந்தியிருந்தன. இழுவை இல்லை, சுருக்கமில்லை. இரண்டு கையிலும் உள்தையலுக்குப் பக்கத்தில், முன்புறமாக, நீல நூலில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது.

“இந்த நீல முடிச்சு எதற்கு?” என்று கேட்டேன்.

“முன்பக்கம் எது என்று எனக்கு மறந்துபோகிறதே அக்கா. வெட்டியவுடனேயே போட்டுவிட்டேன். முடிச்சு முன்னால் வரும்படி பார்த்துத் தைத்தேன்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. வெட்டும்போதே கையின் முன்பக்கத்தில் கத்தரிக்கோல் நுனியால் ஒரு சின்ன வெட்டுக்குறி போடுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. எனக்கு அது பழகிப்போனது, கை தானாகப் போட்டுவிடும். அதை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவேயில்லை. மூன்று முறை ‘பிரியுங்கள்’ என்றேனே தவிர, ஏன் மாறிப்போகிறது என்று கேட்கவில்லை. அவர் காய்ச்சல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, தனியாக வீட்டில் உட்கார்ந்து, தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்.

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். “வெட்டுக்குறி போட வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, அது என் பிழை. நீங்களாகவே அந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள். வெட்டுக்குறியை விட இந்த முடிச்சு நல்லது, நூல் பிரியும் துணியில் வெட்டுக்குறி நிற்காது” என்றேன். ஒரு சொல்லும் மிகையில்லை. அவர் பதில் சொல்லவில்லை. சீருடையை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். மடித்ததை மறுபடி விரித்து மடித்தார். பிறகு தேநீர் போட உள்ளே போனார்.

திங்கட்கிழமை வந்தார். மற்றப் பதினொரு பேருக்கும் நீல முடிச்சை அவரையே காட்டச் சொன்னேன். கூச்சத்தோடு காட்டினார். இப்போது எல்லோருடைய கையிலும் நீல நூல்.

சாரிச் சட்டைக் கையை மீண்டும் பிடித்தார். முக்கால்வாசி நன்றாகப் போய், அக்குளுக்குக் கிட்ட வந்ததும் துணி நழுவிவிட்டது. கொண்டுவந்து நீட்டினார். என் வாயில் அந்தப் பழைய சொல் வந்து நின்றது. சேர் சொன்னது நினைவு வர, தையல் வெண்கட்டியை எடுத்து, எதுவரை சரியோ அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். அவர் கோட்டைப் பார்த்தார். மெஷினுக்குப் போய் உட்கார்ந்து, கோட்டிலிருந்து அக்குள் வரை மட்டும் பிரித்தார்.

மாஸ்டருக்கு ஒரு கேள்வி. நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். கொலரின் அடித்துண்டை நூலளவு குறைக்க வேண்டும் என்றீர்களே, சீருடை வெள்ளைத் துணி போல மெல்லியதற்கும் அதே அளவுதானா, இன்னும் குறைவாகவா? கேட்டு எழுதச் சொன்னவர் அவர்தான்.